கற்பூரத்தில் கட்டிய மடுவம்

நல்லமுத்துவின் வலது உள்ளங்கையில், நட்ட நடுவில், கறுத்த தழும்பு ஒன்று உண்டு. கந்தப்பளைத் தபால் கந்தோரில் தோட்டத்துத் தபால் பையை வாங்கக் கை நீட்டும்போது, புதிதாக வந்த கிளாக்கர் யாராவது பார்த்துவிட்டு, "என்ன தபால், அடுப்புக்குள்ள கைய வச்சிட்டியா?" என்று கேட்பார்கள்.

"இல்லீங்க. என் சம்சாரம் சுண்ணாம்பு கேட்டுச்சுங்க," என்பார் அவர்.

கேட்டவருக்கு ஒன்றும் விளங்காது. விளங்க வேண்டுமானால் ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

ஊசிமலையில் திருவிழா முடிந்து, மஞ்சள்நீர் விளையாடிய துணியெல்லாம் காய்ந்த பிறகு, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கோயில் வாசலில் கணக்கு ஒப்பிப்பார்கள். கோயில் சாவி யார் கையிலோ அவர்தான் ஒப்பிக்க வேண்டும். உள்ளங்கையில் ஈர வெற்றிலை, அதன் மேல் கற்பூரம். அதைக் கொளுத்திக்கொண்டு வரவு இன்னது, செலவு இன்னது என்று வாயால் சொல்ல வேண்டும். கால் காசு போட்டவர்களும் எழுந்து கேள்வி கேட்கலாம். கேள்விக்குப் பதில் வரும்வரை கற்பூரத்தைக் கீழே தட்டக் கூடாது. கேள்வி நீண்டால் வெற்றிலை கருகும், பதில் நீண்டால் கை கருகும். ஆகவே ஊசிமலையில் சாவி வைத்திருந்தவர்கள் எல்லாரும் சிக்கனமாகச் செலவு செய்தார்கள், சுருக்கமாகப் பேசினார்கள்.

நல்லமுத்து சாவி வாங்கிய முதல் வருசமே, பொம்பளைகள் பக்கமிருந்து ஒருத்தி எழுந்தாள். "கோயிலுக்கு வெள்ளை அடிச்ச மிச்சச் சுண்ணாம்பு எங்க போச்சு?" நல்லமுத்துவுக்கு அது நினைவில் இல்லை. யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் தழும்பு விழுந்துவிட்டது. கேட்டவள் அவர் மனைவி பேச்சியம்மா. வீட்டுக்கு வந்ததும் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டவளும் அவள்தான். "நீயே கேக்கலாமா புள்ள?" என்று அவர் முனகியபோது, "ஊட்டுல நீங்க எம்புருசன். அங்க நீங்க கணக்குப்புள்ள," என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்தாள்.

இப்படிப்பட்ட மனுசனிடம்தான் மலைநாட்டு உல்லாசப் பயணிகள் வரவேற்புச் சபை வந்து சேர்ந்தது.

அந்தச் சபைக்கு நுவரெலியாவில் சிவப்புக் கூரை போட்ட ஒரு கந்தோர் இருந்தது. அரசாங்கம் வருசா வருசம் மானியம் கொடுத்தது. பட்டினத்துக் கடைக்காரர்கள் சந்தா கட்டினார்கள். சித்திரைச் சீசனில் பஸ் டிக்கட்டோடு ஒரு சதம் கூடுதலாக வாங்கி அதையும் சபைக்கே கொடுத்தார்கள். நாற்பத்தெட்டுக்குப் பிறகு தோட்டத்துச் சனங்கள் இந்த நாட்டவர்தானா என்று சட்டத்துக்குச் சந்தேகம் வந்து, கொஞ்சக் காலத்தில் ஓட்டும் போயிற்று. ஆனால் அந்த ஒரு சதத்தைக் கேட்கும்போது எந்தப் பஸ்காரனுக்கும் அப்படியொரு சந்தேகம் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஐம்பத்தொன்பதாம் வருசக் கடைசியில் சபையின் செயலாளர் அரியரத்தினம், காரில் ஊசிமலைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வழுக்கைத் தலை, நல்ல சிரிப்பு. கோயில் வாசலில் ஆட்களைக் கூட்டி வைத்துப் பேசினார். தோட்டத்து ரோட்டு மெயின் ரோட்டைத் தொடும் வளைவில், வெள்ளைக்காரர் காரை நிறுத்தி மலையைப் பார்க்கிறார்கள் அல்லவா? தோட்டத்து ஆட்கள் பஸ்ஸுக்கு நிற்பதும் அங்கேதான் அல்லவா? அந்த இடத்தில் மழைக்கு ஒதுங்க ஓடு போட்ட மடுவம் ஒன்று கட்டப் போகிறோம், பின்னால் கக்கூசும் உண்டு என்றார்.

"ஒரு பங்கு நீங்கள் போட்டால் மூன்று பங்கு அரசாங்கம் போடும். சனங்கள் போடாமல் மானியம் வராது கண்டியளோ."

சனங்கள் நல்லமுத்துவைப் பார்த்தார்கள். அந்த வளைவில் நின்று நனையாதவர்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் இல்லை. நிறைமாசமாக வயிற்றில் பிள்ளையோடு ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு நின்றவர்கள் உண்டு. "நீங்க வாங்கினா நாங்க குடுக்கிறோம்," என்றார்கள். வீட்டுக்கு ஐம்பது சதம். நல்லமுத்து வாங்கினார், கொண்டுபோய்க் கொடுத்தார். பதிலுக்கு அரியரத்தினம் அவர் கையைக் குலுக்கி, கொழுந்து எடுக்கும் பெண் சிரிக்கிற கலர் படம் போட்ட கலண்டர் ஒன்றும் கொடுத்தார்.

அறுபதாம் வருச வைகாசியில் கணக்கு ஒப்பிக்கும்போது மடுவம் இல்லை. வளைவில் பழையபடி இரண்டு சைப்ரஸ் மரமும் மைல் கல்லும்தான்.

"பஸ் மடுவம் என்னாச்சுங்க?" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது.

நல்லமுத்து கற்பூரத்தைப் பார்த்தார். பிறகு சாவி வாங்கிய யாரும் அதுவரை செய்யாத காரியத்தைச் செய்தார். "அதுக்கு மட்டும் ஒரு வருசம் தவணை குடுங்க சாமி."

கொடுத்தார்கள். ஆனால் அடுத்த வைகாசிக்கும் பதில் இல்லையென்றால் சாவியை வைத்துவிட வேண்டும் என்ற பேச்சோடு கொடுத்தார்கள். ஊசிமலையில் அதற்கு முன்பு ஒரே ஒருவரிடம்தான் சாவியைப் பறித்திருக்கிறார்கள். அந்த மனுசன் அதோடு லயத்தை விட்டே கிளம்பி, றொசல்லைப் பக்கம் மகள் வீட்டில் போய் ஒண்டிக்கொண்டார். செத்ததற்குக்கூட இங்கே சொல்லியனுப்பவில்லை.

மாசிவரை பொறுத்துப் பார்த்துவிட்டு நல்லமுத்து சிவப்புக் கூரைக் கந்தோருக்கு நடந்தார். அரியரத்தினம் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாரும், இரும். தேத்தண்ணி குடியும்."

"மடுவம் விசயமாங்கய்யா…"

"அது நடந்துகொண்டிருக்குது."

"எங்க நடக்குதுங்கய்யா? நான் தினம் ரெண்டு தடவ அந்த வழியாத்தான் பை தூக்கிட்டுப் போறேன். கண்ணுல படல."

"கமிட்டியிலை நடக்குது," என்றார் அரியரத்தினம் பெருந்தன்மையாக. "கணக்கெல்லாம் வருடாந்தப் பொதுக்கூட்டத்திலைதான் வைப்பம். ஆனால் அது அங்கத்தவருக்கு மட்டும். நீர் அங்கத்தவரோ?"

"காசு குடுத்திருக்கோமுங்களே."

"காசு குடுத்தால் உபகாரி. சந்தா கட்டினால்தான் அங்கத்தவர். அதுக்கும் இந்த நாட்டுப் பிரசையாய் இருக்கவேணும்."

நல்லமுத்து தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். சபையின் செலவில் ஊசிமலைக்குக் கிடைத்த முதல் பலன் என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

திரும்பும் வழியில் கந்தப்பளையில் ஹமீத் நானாவின் கடை. சீத்தைத் துணி, லாந்தர்ச் சிமினி, பீடி, பனடோல் எல்லாம் ஒரே மேசையில் விற்கிற கடை. தோட்டத்துக்கு வருகிற கடுதாசிகளை நல்லமுத்து அங்கே உட்கார்ந்துதான் லயம் வாரியாகப் பிரிப்பார்.

கதையைக் கேட்ட நானா வயிறு குலுங்கச் சிரித்தார். "யா அல்லா! முத்தண்ணே, அந்தச் சபையில நானும் மெம்பர்தான். சந்தா கட்டாட்டி கடைக்கு லைசன் இழுத்தடிப்பாங்கன்னு செல்லி, பத்து வருசமா கட்டிட்டு வாறேன். ஒருக்காலும் கூட்டத்துக்குப் போனதில்ல."

"ஏன் நானா?"

"போனா அடுத்த வருசம் கமிட்டியில போட்டுடுவாங்க. பொறவு நானும் களவெடுக்கோணும். எனக்கு அதுக்கு நேரமில்ல." மேசைக்கு அடியிலிருந்து தூசி தட்டி ஓர் அழைப்பை எடுத்தார். "மெம்பருக்கு ஏலாட்டி வேற ஆள அனுப்பலாம்னு இதில ஈக்கிது. நீங்க போங்க. எண்ட கோட்டப் போட்டுட்டுப் போங்க."

நானாவின் கோட்டு நல்லமுத்துவுக்கு முழங்கால்வரை வந்தது.

பங்குனியில், குளத்துக்கு எதிரே இருந்த பெரிய ஓட்டல் ஒன்றில் பொதுக்கூட்டம். நெருப்புக் காய்கிற அடுப்புப் பக்கத்தில் சபைத் தலைவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர், வெள்ளை மீசை. விருந்தாளிகளாகச் சில வெள்ளைக்காரர்கள். அதில் ஒரு நடுவயது அம்மாள் கழுத்தில் கமராவோடு, தன் நாட்டுச் சஞ்சிகைக்குப் படம் எடுக்க வந்திருந்தாள். வாசலில் கோட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள், கையிலிருந்த அழைப்பைப் பார்த்து உள்ளே விட்டார்கள்.

பகல் சாப்பாடு நடந்தது. புடிங் வந்தது. அதன் பிறகு தலைவர் இங்கிலீசில் இரண்டு வார்த்தை சொன்னார், எல்லாரும் மேசையைத் தட்டினார்கள், நாற்காலிகள் நகர்ந்தன.

நல்லமுத்து பக்கத்திலிருந்த அரியரத்தினத்திடம் மெல்லக் கேட்டார். "கணக்கு எப்பங்கய்யா ஒப்பிப்பீங்க?"

"இப்பதானே முடிஞ்சுது. வாசிச்சதாக எடுத்துக்கொண்டம்."

"வாசிக்கலீங்களே."

"ஓம். வாசிச்சதாக எடுத்துக்கொள்ளுறது. அப்பிடித்தான் முறை."

நல்லமுத்துவுக்குப் பரிதாபமாகப் போய்விட்டது. பெரிய மனுசர்கள், நேரமில்லை போலும். "பரவால்லீங்க, நான் இருக்கேன். வாசிங்க," என்று எழுந்து, கோட்டுப் பையிலிருந்து கற்பூரத்தையும் ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலையையும் எடுத்து மேசைமேல் வைத்தார். கணக்கு ஒப்பிக்கிற இடத்தில் கற்பூரம் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று, கோயிலில் இருந்தே கொண்டு வந்திருந்தார். "பெரியவங்க கையில புடிச்சுக்கட்டும். நீங்க சொல்லுங்க. எங்க மடுவத்தை மட்டும் சொன்னாலும் போதும், தமிழ்ல."

சிரிப்பு எழுந்தது. "இந்த ஆளை வெளியே…" என்று யாரோ தொடங்கினார்கள். அதற்குள் கமரா அம்மாள் துள்ளி எழுந்துவிட்டாள். இது என்ன, இந்த மலையின் சம்பிரதாயமா, எவ்வளவு அழகு! தலைவரின் மீசை ஒரு கணம் யோசித்தது. இருபது வருச உத்தியோகம் வீண் போகவில்லை.

"ஆமாம்," என்றார் அவர். "எங்கள் புராதன வரவேற்பு முறை."

வெள்ளித் தட்டு ஒன்று வந்தது. உள்ளங்கையில் அல்ல, தட்டில் வெற்றிலை வைத்தார்கள். கற்பூரம் எரிந்தது. தலைவர் தட்டை ஏந்திக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரித்தார். அரியரத்தினம் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அவர் கோயில் குளம் என்று வளர்ந்த மனுசர். நெருப்பைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "கந்தப்பளை வளைவிலை, பயணிகள் தங்கு மடுவம் கட்டிமுடிச்ச வகையிலை…" என்று வாசித்தார். தொகை வந்த இடத்தில் அவருக்கு இருமல் வந்தது.

"என்ன சொல்கிறார்?" என்று கமரா அம்மாள் கேட்டாள்.

"ஏழைகளுக்கு மடுவம் கட்டியதைச் சொல்கிறார்," என்றார் தலைவர்.

நல்லமுத்து தட்டைப் பார்த்துக் கும்பிட்டார். அன்று காலையில் அந்த வளைவு வழியாகத்தான் வந்திருந்தார், இரண்டு சைப்ரஸ் மரத்தையும் பார்த்திருந்தார். ஆனால் கற்பூரம் எரிகிறது, ஒரு மனுசன் சொல்கிறான். எரிகிற கற்பூரத்துக்கு எதிரே நின்று பொய் என்று சொல்ல ஊசிமலையில் யாரும் பழகவில்லை. அங்கே அதற்குத் தேவையும் வந்ததில்லை.

சாயந்தரம் லயத்தில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"மடுவம் கட்டியாச்சாம்," என்றார்.

"எங்க?"

"வளைவுலதான். கற்பூரத்து மேல சொல்லிட்டாங்க."

பேச்சியம்மா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள். "அப்ப மடுவம் இருக்கு. நம்ம கண்ணுதான் சரியில்ல. நாளைக்குப் பஸ்ஸுக்குப் போறவங்க தலையக் குனிஞ்சு உள்ள போங்க, நெலப்படி இடிச்சிரப் போகுது."

லயமே சிரித்தது. நல்லமுத்துவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வைகாசிக்கு இன்னும் எத்தனை நாள்தான் இருக்கிறது!

ஆனால் அந்தச் சிரிப்பு மறுநாளும் ஓயவில்லை. வளைவுக்குப் போன பெண்கள் இரண்டு மரத்துக்கு நடுவே குனிந்து "உள்ளே" நுழைந்தார்கள். ஒருத்தி இல்லாத தூணில் சாய்ந்து விழப்போனாள். இன்னொருத்தி, "செருப்ப வெளிய போடுடி, தரையெல்லாம் சேறாக்குற," என்று அதட்டினாள். நாலைந்து நாளில் பஸ்காரனுக்கும் விசயம் தெரிந்துபோயிற்று. அவன் மடுவத்து வாசலுக்கு நேராகப் பார்த்து நிறுத்தத் தொடங்கினான். ஹமீத் நானா ஒருநாள் அந்த வழியாகப் போனவர் இறங்கி வந்து, "ஓடு நல்ல ஓடுதான். எங்க வாங்கின?" என்று அண்ணாந்து பார்த்து விசாரித்தார்.

சித்திரைச் சீசன் வந்தது. பின்னேர மழையும் வந்தது. ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடித்து, அட்வான்ஸ் காசோடு பட்டினம் போகப் பெண்கள் வளைவில் நின்றபோது வானம் பொத்துக்கொண்டது. எல்லாரும் படங்குச் சாக்கைத் தலைக்கு இழுத்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சபையின் இரண்டு கார்கள் மலை காட்ட வந்து நின்றன. முன் காரில் தலைவரும் கமரா அம்மாளும், பின் காரில் அரியரத்தினம்.

பேச்சியம்மா கார்களைப் பார்த்தாள். பிறகு தலையிலிருந்த படங்கை எடுத்து நிதானமாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, நனையுற?"

"மடுவத்துக்குள்ள நிக்கிறவளுக்குப் படங்கு எதுக்குடி?"

மற்றவர்களும் மடித்தார்கள். இருபது முப்பது பெண்கள், இரண்டு மரத்துக்கு நடுவே சதுரமாக, ஒருவர் தோளை ஒருவர் ஒட்டி, கொட்டுகிற மழையில் நின்றார்கள். சதுரத்துக்கு வெளியே ஒரு கால்கூட வைக்கவில்லை.

கமரா அம்மாள் குடையோடு ஓடி வந்தாள். ஏன் இப்படி நனைகிறீர்கள் என்று கைச்சாடையில் கேட்டாள்.

"உள்ள வாங்கம்மா," என்று பேச்சியம்மா நகர்ந்து இடம் விட்டாள். "வெளிய நின்னா நனைஞ்சு போவீங்க. பாத்து, நெலப்படி இருக்கு."

அம்மாள் அரியரத்தினத்தைப் பார்த்தாள். அரியரத்தினம் தலைவரைப் பார்த்தார். தலைவர் மலையைப் பார்த்தார்.

"மழைக்குக் கும்பிடுகிற சடங்கு," என்றார் தலைவர் இங்கிலீசில்.

அப்போதுதான் நல்லமுத்து தபால் பையோடு வளைவுக்கு வந்து சேர்ந்தார். வருசக்கணக்கில் உறைகளில் பார்த்துப் பார்த்துப் பிடித்த இங்கிலீசு கொஞ்சம் அவரிடம் இருந்தது. அம்மாளைக் கண்டதும் கும்பிட்டு, சதுரத்தைக் காட்டிச் சொன்னார். "மேடம், ஷெட். ஓட்டல்… பயர்… ஷெட்." உள்ளங்கையை விரித்து, அதன் மேல் நெருப்பு எரிகிற மாதிரி விரலை ஆட்டினார்.

அம்மாளுக்கு நெருப்பு நினைவிருந்தது. தட்டை ஏந்தியவரையும் நினைவிருந்தது. நனைந்து நிற்கிற பெண்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, தலைவர் பக்கம் திரும்பினாள். அன்றைக்குக் கையில் நெருப்பை வைத்துக்கொண்டு கட்டியதாகச் சொன்னீர்களே, அந்த மடுவம் இதுதானா?

மழை பெய்துகொண்டே இருந்தது. தலைவர் கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதான்," என்றார் கடைசியில். "பழுதுபார்க்கக் கழற்றியிருக்கிறோம்."

சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் சீசன் முடியும்வரை பட்டினத்தில்தான் இருந்தாள், அடிக்கடி அந்தப் பக்கம் வந்தும் போனாள். திங்கட்கிழமையே லொறியில் கல்லும் மணலும் வந்தன. வைகாசி பிறந்தபோது இரண்டு சைப்ரஸ் மரத்துக்கும் நடுவே மடுவம் நின்றது. ஓடு இல்லை, தகரம்தான். கக்கூசும் இல்லை. ஆனால் பெண்கள் வரைந்து நின்ற அதே சதுரம். நெற்றியில் தலைவரின் பெயர் பொறித்த கல். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினார்கள், நல்லமுத்துவின் கழுத்திலும் ஒரு மாலை விழுந்தது. அன்றைக்கும் பேச்சியம்மா குனிந்துதான் உள்ளே போனாள், பழக்கம்.

மாலை போட்ட கையோடு அரியரத்தினம் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"என்ன, இப்ப உமக்குச் சந்தோசம்தானே?"

"சந்தோசமுங்கய்யா. ஒரே ஒரு சந்தேகம். முன்ன கட்டி முடிச்சாச்சுன்னு கணக்குல வந்திருச்சு. இப்ப இத எந்த வகையில எழுதுவீங்க?"

அரியரத்தினம் அக்கம்பக்கம் பார்த்தார். நல்ல மனுசர், பொய் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வார். இந்த முறை எடுத்துக்கொள்ளவில்லை. "பழுதுபார்த்த வகையிலை," என்றார்.

வைகாசிக் கணக்கு நாள். நல்லமுத்து குளித்து, ஈர வேட்டியோடு கோயில் வாசலில் நின்றார். இடுப்பில் சாவி. உள்ளங்கையில் வெற்றிலை, கற்பூரம். திருவிழா வரவு செலவைச் சொல்லி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"பஸ் மடுவம். நீங்க குடுத்தத நான் குடுத்துட்டேன். மடுவம் நிக்குது, எல்லாரும் பாத்தாச்சு. எத்தனை தடவ கட்டினாங்கன்னு கேட்டா, கண்ணுக்கு ஒரு தடவ, கணக்குக்கு ரெண்டு தடவ. நான் அறிஞ்சது இவ்வளவுதான் தாயே."

கூட்டம் சிரித்தது. சாவி அவரிடமே இருக்கட்டும் என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள். கற்பூரம் கரைந்து வெற்றிலை ஓரம் சுருளத் தொடங்கியது. அவர் கையைக் கவிழ்க்கப் போனார்.

பொம்பளைகள் பக்கமிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"கட்டாத தடவ கட்டினதுக்கு எடுத்த காசு எங்க போச்சு?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பதிலுக்கு நின்றாள். நல்லமுத்து அவளைப் பார்த்தார். கையைப் பார்த்தார். நியாயமான கேள்வி. கால் காசு போட்டவளும் கேட்கலாம், அவள் ஐம்பது சதம் போட்டவள்.

"அது எனக்குத் தெரியாது," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "கேட்டுட்டு வாறேன்."

"கேட்டுட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

அதிலிருந்து ஒவ்வொரு பங்குனியிலும், ஹமீத் நானாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவர் பொதுக்கூட்டத்துக்குப் போனார். அறுபத்திரண்டில் சபை ஒரு புதுத் தீர்மானம் போட்டது: கூட்ட மண்டபத்துக்குள் நெருப்புண்டாக்கும் பொருள் எதுவும் கொண்டுவரக் கூடாது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. சபை வெளியிட்ட புதுப் புத்தகத்தின் அட்டையில், வெள்ளித் தட்டில் கற்பூரத்தோடு தலைவர் சிரித்தார். மலைநாட்டின் புராதன வரவேற்பு என்று கீழே போட்டிருந்தது.

நல்லமுத்து கற்பூரத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போவார். புடிங் வரைக்கும் பொறுத்திருப்பார். நாற்காலிகள் நகரத் தொடங்கும்போது எழுந்து நின்று, "ஐயா, வாசிக்கலீங்களே," என்பார். தலைவர் மீசையைத் துடைப்பார். அரியரத்தினம் இருமுவார்.

பிறகு வைகாசி வரும். பேச்சியம்மா எழுவாள்.